சயாம் போனவர்களின் கற்கள்

எந்தக் கல் எங்கள் பெரியப்பாவுடையது என்று எனக்குத் தெரியவில்லை.

கையில் சூடான சோற்றுப் பாத்திரம். துணி சுற்றித்தான் பிடித்திருந்தேன், அப்படியும் விரல் சுட்டது. எதிரே புதிதாகக் கட்டிய வட்டமான சிமெண்ட் மேடை. மேடையைச் சுற்றிப் பதித்திருந்த கற்கள் எல்லாவற்றுக்கும் வெள்ளி நிறத்தில் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. தின்னர் வாடை சோற்று வாசனையை அமுக்கிவிட்டது.

மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். என் தம்பி மகன் குமரன் பின்னாலேயே வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டான். சந்தோஷமாகத்தான் கேட்டான். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

போன வாரம் இந்தப் பத்தியில் வந்த, பள்ளிக் கேண்டீனில் நான் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டிய கதையைப் படித்த வாசகி ஒருவர், நான் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்வதாகப் போனில் பாராட்டினார். இந்த வாரம் அவர் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நடந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. எழுத இப்போதுதான் உட்கார்ந்தேன்.

போர் பார்க்கப் போன குடும்பம்

விடுமுறை விட்டால் சிலர் கடற்கரைக்குப் போவார்கள், சிலர் பேரங்காடிக்குப் போவார்கள். குமரன் போர்க்களத்துக்குப் போவான். ஜொகூரில் நல்ல வேலை, நல்ல பிள்ளை. ஆனால் வாயைத் திறந்தால் எந்தப் படை எந்தப் பாலத்தைத் தகர்த்தது, எந்த டாங்கி எந்தச் சாலையில் வந்தது என்பதுதான் பேச்சு. அவன் மனைவி ஷர்மிளா பொறுமைசாலி. மகள் தியாவுக்குப் பதினோரு வயது. கேமரன் மலைக்குப் போகலாம் என்று கேட்ட பிள்ளையைக் கம்பார் குன்றுக்குக் கூட்டிப்போய்ப் பதுங்குகுழியில் இறக்கிவிட்டவன் அவன்.

இந்த முறை அத்தையும் வந்தே ஆகவேண்டும் என்றான். பேராவிலிருந்து தெற்கே வந்து, சிலாங்கூரின் வடக்குப் பக்கத் தோட்டங்கள் வழியாகக் கோலா சிலாங்கூரில் முடியும் பயணம். கடைசியில் எனக்கு ஒரு சர்ப்ரைஸ் வைத்திருப்பதாகச் சொன்னான். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். கடைசி நாள் எங்கள் தோட்டத்தில் லோரி வந்த நாளாக இருக்கவேண்டும். அது என்ன நாள் என்று பிறகு சொல்கிறேன்.

வேனில் பின்சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டேன். தியா ஒரு காதில் பாட்டுக் கேட்டாள், ஒரு காதில் அப்பாவைக் கேட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது முடிகிறது.

நாங்கள் நின்ற இடங்களை எல்லாம் பெயர் சொல்லி எழுதினால் எனக்கு வம்பு. ஒரு குன்றின் மேல் ஒரு பலகை இருந்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரப் படை, பஞ்சாபிப் படை, கூர்க்காப் படை, ஜப்பான் படை என்று வண்ண அம்புக்குறிகளோடு படம் போட்டிருந்தார்கள். குமரன் ஒவ்வொரு அம்பையும் தொட்டுத் தொட்டு விளக்கினான்.

இந்தக் குழியை வெட்டினது யார் என்று கேட்டேன். குமரன் படையின் பெயரைச் சொன்னான். படைக்காரன் வெட்டியிருப்பான், சரி. குன்றைச் சுற்றியிருந்த ரப்பர்க் காட்டை நட்டவன், சண்டை நடந்த அன்றைக்கும் அங்கே லயத்து வரிசை வீட்டில் பிள்ளைகளோடு குடியிருந்தவன், அவனுக்கு அம்புக்குறி எங்கே என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, கடைசி நாள் வரை பொறுங்கள் அத்தை என்றான்.

நாய்க்கு ஒரு கல்லறை

கோலா குபு பாருவில் ஓர் இரவு தங்கினோம். மறுநாள் பாத்தாங் பெர்ஜுந்தை பக்கமாக வரும்போது, ஒரு பழைய துரை பங்களாவைக் காப்பிக் கடையாக மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லிக் குமரன் வேனை உள்ளே விட்டான். அழகான பங்களா. புல்தரை, மூங்கில் நாற்காலி, சுவரில் மீசை வைத்த துரைகளின் படங்கள். ஜப்பான்காரன் அதைத் தன் அலுவலகமாக வைத்திருந்தானாம்.

புல்தரையின் ஓரத்தில் சங்கிலி வேலி போட்டு ஒரு கல்லறை. தியாதான் ஓடிப்போய்ப் படித்தாள். துரை வளர்த்த நாயின் கல்லறை. நாயின் பெயர், அது நல்ல நாய் என்று ஒரு வரி, எல்லாம் பளிங்கில் வெட்டியிருந்தது. பக்கத்திலேயே புதிதாக ஒரு விளக்கப் பலகை வேறு.

நாயின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் நாய் வளர்த்தவள். அந்த நாய் செத்தபோது அழுதிருக்கிறேன். வேன் நிறுத்தியிருந்த இடத்தைப் பார்த்தேன். தார் போட்ட அந்தத் தரையின் ஓரத்தில் பழைய லயத்தின் படிக்கட்டு ஒன்று மிச்சம் இருந்தது. சமையல்கட்டுப் படி. அதன் மேல் குப்பைத் தொட்டியை வைத்திருந்தார்கள்.

நான் காப்பி குடிக்கவில்லை. வேனில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஷர்மிளா வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றேன். அவள் புரிந்துகொண்டாள். தன் காப்பியையும் பாதியில் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

லோரி வந்த நாள்

எங்கள் தோட்டம் கோலா சிலாங்கூருக்குப் போகும் வழியில் இருக்கிறது. இப்போது எல்லாம் செம்பனை. அந்தக் காலத்தில் ரப்பர். ஜப்பான்காரன் காலத்தில், மாசி மாதத்தில் ஒரு நாள், ரப்பர்ப் பால் ஏற்றுகிற லோரியில் ஆண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவில் ரயில் பாதை போட. சயாமில் அரிசி கிடைக்கும் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று வயிறு ஊதிப்போயிருந்த ஆட்கள். சிலர் தாமாகவே ஏறினார்களாம். ஏறாதவர்களை அடித்து ஏற்றினார்கள்.

ஏறியவர்களில் என் அப்பாவின் அண்ணன் சன்னாசியும் ஒருவர். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். அவர் திரும்பி வரவில்லை. அந்த லோரியில் போனவர்களில் யாருமே திரும்பி வரவில்லை.

உடம்பு வரவில்லை, செத்த நாளும் தெரியாது. திதி எப்படிக் கொடுப்பது? அதனால் எங்கள் தோட்டத்தில் லோரி வந்த நாளையே அவர்களுக்குரிய நாளாக வைத்துக்கொண்டார்கள். படையல் என்றால் வேறு தோட்டங்களில் சுருட்டு, சாராயம், கோழி என்று வைப்பார்கள். எங்களுக்கு ஒரே ஒரு பொருள்தான். வெள்ளைச் சோறு. சூடாக இருக்கவேண்டும், நிறைய இருக்கவேண்டும். அரிசி என்று சொல்லி ஏமாற்றிக் கொண்டுபோன ஆட்களுக்கு வேறு என்ன வைப்பது.

சோற்றை வைக்க ஓர் இடம் வேண்டுமே, அதற்குத்தான் கற்கள். எங்கள் பக்கம் முழுக்கச் சேற்று நிலம், தோண்டினால் தண்ணீர்தான் வரும். கல் வேண்டுமென்றால் ஆற்றின் மேல்பக்கம், ராசா என்ற ஊருக்கும் கோலா குபுவுக்கும் போகவேண்டும். போர் முடிந்த பிறகு, புருஷனைத் தொலைத்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து பால் லோரிக்காரரிடம் கெஞ்சி அங்கே போய், ஆளுக்கு ஒரு கல்லாக ஆற்றில் பொறுக்கி எடுத்து வந்தார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த மழைமரத்தின் கீழே வரிசையாக வைத்தார்கள்.

என் பெரியம்மா எடுத்து வந்த கல் கறுப்புக் கல், குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. திருநீறு பூசியது போல இருக்கும். அதனால்தான் அதை எடுத்தாளாம். கடைசி வரை அவள் தாலியைக் கழற்றவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. செத்ததை யார் பார்த்தது என்று கேட்பாள். ஆனால் வருஷா வருஷம் சோறு மட்டும் வைப்பாள். அவளுக்குப் பிறகு அம்மா வைத்தாள். அம்மாவுக்குப் பிறகு நான்.

பெயரைச் சொல்லாத பெண்கள்

கல்லில் ஏன் பெயர் வெட்டவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். தியாவும் வேனில் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று பயம். முருகன் என்று பெயர் இருந்தால் பழனியில் இருக்கிற சாமி என்பார்கள். பிள்ளை இருந்தால் பிள்ளைக்கு அப்பா. கல்வெட்டுகிறவனிடம் யார் போய்ச் சொல்வது? அதனால் கற்கள் வெறுமனே நின்றன. யாருடைய கல் எது என்று அவரவருக்குத் தெரியும், அது போதும் என்று இருந்துவிட்டார்கள்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும், தோட்டத்தில் யார் யார் காணாமல் போனார்கள் என்று விசாரிக்க ஒரு கிராணி வந்தாராம். தோட்டத்துக் கணக்கு எழுதுகிறவரைக் கிராணி என்போம். காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டுப் புருஷன் பெயரைக் கேட்டார். ஒவ்வொருத்தியும் தலையைக் குனிந்துகொண்டாள். என் பெரியம்மா, காவி கட்டிக்கொண்டு போகிறவர்களைச் சொல்வார்களே அந்தப் பெயர் என்றாளாம். புதிர் போடவா வந்தீர்கள் என்று அவர் எரிந்து விழுந்தார். பெயர் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

அம்மா இதைச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே சிரிப்பு வந்ததில்லை. அந்தக் கிராணி நம் மொழி பேசுகிறவர். அவர் வீட்டுப் பெண்களும் இப்படித்தான் இருந்திருப்பார்கள். மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றன, கிழவர்கள் நின்றார்கள், ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் நின்றார். தலையைத் திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாப் பெயரும் வந்திருக்கும். கேட்கவில்லை. கூலிக்காரனுக்கு இவ்வளவு போதும் என்று நினைத்தார். அவ்வளவுதான் விஷயம்.

இதைக் கேட்டுவிட்டுத் தியா காதில் இருந்ததைக் கழற்றினாள். அவர் வீடு எங்கே என்று கேட்டாள். போய்ச் சண்டை போடப் போகிறாள் போல. எங்கள் வீட்டு ரத்தம்தான்.

கோலா சிலாங்கூரில் மலாவாத்தி குன்றுக்கும் போனோம். பீரங்கியின் மேல் தியாவை உட்காரவைத்துக் குமரன் படம் எடுத்தான். சாயங்காலம் பாசிர் பெனம்பாங்கில் நண்டு சாப்பிட்டுவிட்டு, இரவு என் வீட்டில் தங்கினோம். மறுநாள் விடியும்போதே எழுந்து, சோறு வடித்துப் பாத்திரத்தில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் புறப்பட்டோம். குமரன் வழியெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டே ஓட்டினான்.

மஞ்சள் துணி

மழைமரம் இல்லை. அதுதான் முதலில் கண்ணில் பட்டது. தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள், மரம் இருந்த இடத்தில் சாலை வரப்போகிறது. கற்களை அப்புறப்படுத்தச் சொன்னதும் கோயில் கமிட்டி அவற்றைக் கோயில் நிலத்துக்குள் கொண்டுவந்து மேடை கட்டிவிட்டது. மேடைக்குக் குமரனும் உதவியிருக்கிறான். எனக்குத் தெரியக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறான். அதுதான் சர்ப்ரைஸ்.

கற்களைக் காப்பாற்றியதற்கு நான் நன்றி சொல்லவேண்டும். சொல்கிறேன். ஆனால் எடுத்த கற்களைக் குவித்துப்போட்டு, கைக்கு வந்ததை வந்த இடத்தில் சிமெண்டில் பதித்து, அழகாக இருக்கட்டும் என்று பெயிண்டும் அடித்துவிட்டார்கள். வெள்ளைக் கோடு எந்தப் பெயிண்டுக்குள் இருக்கிறது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? நகத்தால் ஒரு கல்லைச் சுரண்டிப் பார்த்தேன். வெள்ளிப் பசை விரலில் ஒட்டியது.

கமிட்டித் தலைவர் சேகர் ஓடி வந்து வணக்கம் சொன்னான். நாற்பது வயதுக்காரன், லோரி ஓட்டுகிறான், கோயிலுக்காக உண்மையாக உழைக்கிறவன். மறுநாள் டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகர் வந்து திறந்து வைக்கப்போவதாகச் சொன்னான். மேடையின் நடுவில் மஞ்சள் துணி போட்டு எதையோ மூடியிருந்தார்கள். எனக்கு மட்டும் இப்போதே காட்டலாம் என்று குமரன் துணியின் ஓரத்தைத் தூக்கினான்.

கறுப்புப் பளிங்கு. தங்க எழுத்து. சயாம் ரயில் பாதையில் உயிர் நீத்த பெயர் தெரியாத தொழிலாளர்கள் நினைவாக.

பாத்திரத்தைக் கீழே வைத்தேன். இல்லையென்றால் போட்டிருப்பேன். இதை யார் எழுதியது என்று கேட்டேன்.

"நான்தான் அத்தை எழுதிக் குடுத்தேன்" என்றான் குமரன். "உலகத்துல பெரிய பெரிய கல்லறையில எல்லாம் இப்படித்தான் போடுவாங்க. பேர் தெரியாத வீரர்னு. அதுதான் பெரிய மரியாதை."

"அது உடம்பு கிடைச்சு பேர் கிடைக்காதவனுக்குப் போடுறதுடா. நமக்கு உடம்புதான் கிடைக்கல. பேர் இருக்கு."

சேகர் நடுவில் வந்து, கோபப்படாதீங்கம்மா, எழுத்து நல்லாத்தானே இருக்கு என்றான். நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"சேகரு, உன் வீட்டு ஆள் யாராச்சும் இதுல இருக்காங்களா?"

"இருக்காரும்மா. எங்க அப்பாவோட அப்பா."

"பேரு?"

"மாரிமுத்து. சின்னக்கண்ணு மகன் மாரிமுத்து. ஆறாம் லயம்."

யோசிக்காமல் சொன்னான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வது போலச் சொன்னான்.

"அப்புறம் யாருக்குப்பா பேர் தெரியல?"

சேகர் பளிங்கைப் பார்த்தான். நான் விடவில்லை. வெள்ளைக்காரனிடம் சம்பளம் வாங்கின கிராணி எழுதினான், அது அவன் புத்தி. அவன் எழுதின அதே வார்த்தையை நம் கைக்காசைப் போட்டு, தங்க எழுத்தில், நம் கோயில் நிலத்தில் நாமே எழுதி வைத்திருக்கிறோம். இனி வருகிற பிள்ளைகள் அதைத்தானே படிக்கும். இந்த ஆட்களுக்குப் பெயரே இல்லை என்றுதானே நினைக்கும். இப்படி எல்லாம் கத்தினேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. நிறுத்த முடியவில்லை.

சேகருக்கும் ரோஷம் வந்துவிட்டது. கார்டு அடித்தாகிவிட்டது, டத்தோ வருகிறார், இனிமேல் ஒன்றும் செய்யமுடியாதும்மா என்றான். குமரன் வேனை நோக்கி நடந்தான். கோபித்துக்கொண்டு போகிறான் என்றுதான் நினைத்தேன். கருவிப் பெட்டியோடு திரும்பி வந்தான். மேடையில் முட்டி போட்டு, பளிங்கின் மூலையில் இருந்த திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தான். ஷர்மிளா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பளிங்கைத் தாங்கிப் பிடித்தாள். கழற்றிய பளிங்கை வேனில் ஏற்றிவிட்டு, மஞ்சள் துணியை மட்டும் பழையபடி போட்டு வைத்தார்கள். சேகர் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

சோறு ஆறுகிறது

அதற்குள் மற்ற வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். பந்திங், கிள்ளான், கோலாலம்பூர் என்று எங்கெங்கோ போய்விட்டவர்கள், அந்த ஒரு நாளுக்கு வருகிறவர்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம், ஆளுக்கு ஓர் இலை. எல்லோரும் மேடையைச் சுற்றி வந்தார்கள், எல்லோரும் என்னைப் போலவே நின்றார்கள். யாருக்கும் தங்கள் கல் தெரியவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. நின்ற இடத்திலேயே இலையைப் போட்டேன். இலையில் சோற்றைக் கொட்டினேன். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்றுதான் என்னை வளர்த்தார்கள். அன்றைக்கு அந்த வளர்ப்பு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

"சன்னாசி பெரியப்பா. உங்க கல்லைத் தொலைச்சுட்டாங்க. சோறு இங்க இருக்கு. வந்து சாப்பிடுங்க."

பிறகு என் வலது பக்கத்தில் ஒரு குரல் காத்தான் என்றது. இன்னொரு குரல் பெருமாள் என்றது. காவேரி அக்காவுக்கு எண்பதுக்கு மேல் வயது, அப்பாவை லோரியில் ஏற்றும்போது தொட்டிலில் கிடந்தவர். எங்கப்பா பேரை நான் வாயால சொன்னதே இல்லடி என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார். வீரன். சொல்லிவிட்டு இன்னொரு தடவை சொன்னார். மேடையைச் சுற்றிப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. தியா போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

சேகர் கடைசி வரை தள்ளியே நின்றான். அவன் சோறும் கொண்டுவரவில்லை, பெயரும் சொல்லவில்லை. நாங்கள் புறப்பட்டபோது என்னிடம் விடைபெறவும் இல்லை. எனக்கும் அவனிடம் போய்ப் பேச மனம் வரவில்லை.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். தீரவில்லை. பளிங்கை மாற்றலாம். சிமெண்டுக்குள் போன கற்களைப் பிரித்து எடுக்கமுடியாது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். என் பெரியம்மா ஆற்றில் இறங்கிப் பொறுக்கிய கல் அங்கேதான் எங்கேயோ இருக்கிறது, இனி எனக்கு அடையாளம் தெரியாது.

மறுநாள் திறப்பு விழாவுக்கு நான் போகத் தேவையில்லை என்றுதான் இருந்தேன். குமரன் வற்புறுத்திக் கூட்டிப்போனான். கூடாரம், நாற்காலி, நாதஸ்வரம் எல்லாம் இருந்தன. டத்தோ நல்ல மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினார். எல்லோரும் கை தட்ட மஞ்சள் துணியை இழுத்தார்.

உள்ளே வெறும் சிமெண்ட். திருகாணி இருந்த ஓட்டைகள். கைதட்டல் பாதியில் நின்றது. டத்தோ துணியைக் கையில் வைத்துக்கொண்டு சேகரைப் பார்த்தார்.

சேகர் மைக்கை எடுத்தான். பேச வேண்டியதை எழுதி வைத்திருந்த தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்தான். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முதல் பெயரைச் சொன்னான்.

"ஆறாம் லயம். சின்னக்கண்ணு மகன் மாரிமுத்து."